மார்ச் 31-க்குள் இறங்கிய மெஷின்

பிப்ரவரி பாதி தாண்டிவிட்டால் பெங்களூரில் எங்கள் பீன்யா தொழிற்பேட்டையில் எல்லோருக்கும் ஒரே காய்ச்சல். இரண்டாம் ஸ்டேஜில் நான் வழக்கமாகப் போகும் தர்ஷினி ஓட்டலில், பை-டூ காபியை நின்றபடி உறிஞ்சுகிற பத்துப் பேரில் ஏழு பேராவது சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்கள். மற்ற மாதங்களில் ஆள் கிடைக்கவில்லை, பேமெண்ட் வரவில்லை என்று புலம்புவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் பேச்சு மாறும். "ஏதாச்சும் வாங்கிப் போட்டுடணும் சார், இல்லேன்னா எல்லாம் டாக்ஸ்லயே போயிடும்."

போன வாரம் ஒரு தம்பி பிடித்துக்கொண்டான். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன், தனியாகப் பட்டறை போட்டு மூன்று வருடம் ஆகிறது. "அண்ணா, மார்ச்சுக்குள்ள ஒரு வி.எம்.சி. எடுத்துட்டா முப்பத்தஞ்சு பர்சென்ட் டிப்ரிசியேஷன் கிடைக்குமாமே, நிஜமா?" வி.எம்.சி. என்பது உலோகத்தைக் கணினி சொற்படி செதுக்கும் மெஷின். டிப்ரிசியேஷன் என்றால் தேய்மானம், மெஷின் விலையை ஒரேயடியாகச் செலவு எழுத விடாமல் வருடா வருடம் ஒரு பகுதியாக லாபத்திலிருந்து கழிக்க விடுவது. அவன் கேட்டது நிஜம்தான், ஆனால் பாதி நிஜம். நாலு வருடத்துக்கு முன்பு நானும் இதே கேள்வியோடு அலைந்தவன். அவனுக்கு இரண்டு காபி நேரத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

என் பட்டறையில் மூலையில் ஓர் எச்.எம்.டி. கம்பெனி லேத், அதாவது கடைசல் மெஷின், நிற்கிறது. அப்பா 1996-ல் ஓர் ஏலத்தில் 1,40,000 ரூபாய்க்கு எடுத்தது. இன்றும் ஓடுகிறது. அவசரத்துக்கு ஒரு புஷ், ஒரு பின் என்றால் கணினியில் ஓடும் சி.என்.சி. மெஷினை நிறுத்த மாட்டோம், அதில்தான் போடுவோம். ஒருநாள் மின்சாரம் இல்லாத மதியம் அதன் தேய்மானத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அப்போதெல்லாம் மெஷினுக்கு வருமான வரிச் சட்டத்தில் வருடத்துக்கு 25 சதவீதம். 2005-06 முதல் அது 15 சதவீதம் ஆனது. ஒவ்வொரு வருடமும் மீதி மதிப்பின் மேல்தான் கழிக்க வேண்டும். அப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் 2025 மார்ச் முடிவில் அந்த லேத்தின் மதிப்பு 407 ரூபாய். பழைய மெஷின் வாங்குகிற ஒருவர் அதற்கு இரண்டு லட்சம் தருகிறேன் என்று கேட்டுவிட்டுப் போனதும் இதே வருடம்தான்.

இது விளையாட்டுக் கணக்கு. உண்மையில் என் கணக்குப் புத்தகத்தில் அந்த லேத்துக்கென்று தனி மதிப்பு கிடையாது. 1988-89 வரி ஆண்டிலிருந்து ஒரே விகிதம் உள்ள எல்லாச் சொத்தையும் ஒன்றாகக் கொட்டி 'ப்ளாக்' என்று ஆக்கிவிட்டார்கள். கூட்டுக்குடும்பம் மாதிரி. உள்ளே போன மெஷினுக்குப் பிறகு தனிப் பெயர் இல்லை. லேத்தை இரண்டு லட்சத்துக்கு விற்றால், 407 ரூபாய்ப் பொருளில் கொள்ளை லாபம் என்று யாரும் வரி கேட்க மாட்டார்கள். ப்ளாக்கின் மொத்த மதிப்பிலிருந்து இரண்டு லட்சத்தைக் குறைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். விற்ற பணம் ப்ளாக்கையே தாண்டினால்தான் வம்பு, அது குறுகிய கால மூலதன ஆதாயமாக வந்து நிற்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2022 பிப்ரவரி. கொரோனா முடிந்து ஆர்டர் திரும்பியிருந்த நேரம். வால்வு பாடி, பிராக்கெட் என்று ஜாப் ஆர்டர் குவிந்தது. வருட லாபம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். என் வருமானத்தின் மேல்பகுதி முழுக்க முப்பது சதவீத ஸ்லாபில். வரிக்கு மேல் போடும் செஸ்ஸையும் சேர்த்தால் 31.2. மச்சான் வீட்டுக்கு வந்தபோது சொன்னார், "மாமா, புது மெஷின் எடுங்க. பதினஞ்சு பர்சென்ட் சாதா டிப்ரிசியேஷன், அதுக்கு மேல இருபது பர்சென்ட் கூடுதல் டிப்ரிசியேஷன். முப்பது லட்ச ரூபா மெஷின்னா பத்தரை லட்சம் செலவா காட்டலாம்." மச்சானுக்கு எங்கிருந்து இதெல்லாம் தெரியும் என்று கேட்காதீர்கள், அவர் ஜவுளி வியாபாரி.

அவர் சொன்னது தப்பில்லை. பொருள் உற்பத்தி செய்கிற தொழிலில் புத்தம்புது மெஷின் போட்டால், முதல் வருடம் வழக்கமான 15 சதவீதத்தோடு அடக்க விலையில் இன்னொரு 20 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். செகண்ட் ஹேண்ட் மெஷினுக்குக் கிடையாது. ஆபீசில் வைக்கிற சாமானுக்கு, ஏ.சி.க்கு, வண்டிக்குக் கிடையாது. அவர் சொல்லாமல் விட்டது, அல்லது நான் காதில் வாங்காமல் விட்டது வேறு. வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் எல்லாம் பாதிதான். மார்ச்சில் வாங்கினால் 35 அல்ல, 17.5. மீதி 10 சதவீதக் கூடுதலை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சலுகையும் 2015 பட்ஜெட்டுக்குப் பிறகு தெளிவாக வந்ததுதான்.

ஆடிட்டரிடம் போனேன். மல்லேஸ்வரத்தில் மாடியில் ஆபீஸ், கும்பகோணத்துக்காரர், அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பார்க்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி, "மெஷின் உங்களுக்கு வேணுமா, டாக்ஸுக்கு வேணுமா?" இரண்டுக்கும் என்றேன். சிரித்தார். "அப்போ ஒண்ணு சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க. பில் தேதி முக்கியமில்ல. மெஷின் வந்து இறங்கின தேதியும் போதாது. ஓடின தேதி. மார்ச் 31-க்குள்ள அதுல ஜாப் ஓடியிருக்கணும்."

எழுதி வைக்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது எக்ஸ் திசையில் 800 மில்லிமீட்டர் நகரும் மெஷின், அதாவது அவ்வளவு நீளப் பொருளைச் செதுக்கக்கூடியது. டீலரிடம் அதற்குப் பத்து வாரம் காத்திருக்க வேண்டும். கையில் ஸ்டாக் இருந்தது 600. "சார், அறுநூறு இப்போ எடுத்தீங்கன்னா மார்ச் 20-க்குள்ள உங்க ஷெட்டுல இறக்கிடறேன்." எடுத்தேன். 30 லட்சம், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டாக, அதாவது நான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, எடுத்துக்கொண்டதால் தேய்மானக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. 24 லட்சம் வங்கிக் கடன், பத்தரை சதவீத வட்டி, ஐந்து வருடம், மாதத் தவணை 51,600 ரூபாய்க்குப் பக்கம்.

மார்ச் 24 இரவு பதினோரு மணிக்கு லாரி வந்தது. எங்கள் தெருவில் பகலில் கிரேன் நிறுத்த முடியாது. மழைத் தூறலில் அத்தனை எடையுள்ள மெஷின் சங்கிலியில் ஆடியதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து உள்ளே தள்ளினோம். எல்லாம் முடிந்து விடியற்காலை வீட்டுக்குப் போய்ப் படுத்தபோதுதான் நினைவு வந்தது, கூடுதல் மின்சார லோடுக்கு இன்னும் அனுமதி வரவில்லை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. விண்ணப்பத்தையே நான் மார்ச் 14-ம் தேதிதான் கொடுத்தேன். மெஷின் தேர்வு, கடன், மார்ஜின் பணம் என்று ஓடியதில் மின்சாரம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. ஸ்டெபிலைசரும் வரவில்லை, கம்ப்ரசரும் போதவில்லை. லோடு கிடைத்தது ஏப்ரல் 6. முதல் ஜாப் ஓடியது ஏப்ரல் 9, ஓர் அலுமினியம் பிளேட், பன்னிரண்டு துளை.

இன்ஸ்டலேஷனுக்கு வந்த இளைஞர் நல்ல பையன். "சார், ரிப்போர்ட்ல மார்ச் 30-ன்னே போட்டுத் தரேன், எல்லாரும் கேட்பாங்க" என்றார். வாங்கிக்கொண்டு ஆடிட்டரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "லோடு சாங்ஷன் லெட்டர் காட்டுங்க. இந்த மெஷின்ல ஓடின முதல் பார்ட்டோட டெலிவரி சலான் காட்டுங்க. கரண்ட் இல்லாம மார்ச் 30-ல எப்படி ஓடிச்சு, கையால சுத்தினீங்களா?" எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ரிப்போர்ட்டை அங்கேயே கிழித்துப்போட்டார்.

விளைவு, 2021-22 கணக்கில் அந்த மெஷினுக்குத் தேய்மானம் பூஜ்ஜியம். நான் மனதில் 5,25,000 கழித்துவைத்திருந்தேன், அதாவது 1,63,800 ரூபாய் வரி. அதை நம்பி, வருடம் முடியும் முன்பே கட்டுகிற அட்வான்ஸ் டாக்ஸின் மார்ச் 15 தவணையையும் குறைத்துக் கட்டியிருந்தேன். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது வரியும் கட்டி, தாமத வட்டியாக எட்டாயிரத்துச் சொச்சமும் கட்டினேன்.

இரண்டு மாதம் கோபம் அடங்கவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மெஷின் மார்ச்சிலேயே ஓடியிருந்தால் முதல் வருடம் 5,25,000. அடுத்த வருடம் மீதி 24,75,000-க்கு 15 சதவீதம் 3,71,250, அதோடு பாக்கிக் கூடுதல் 3,00,000. இரண்டு வருடமும் சேர்ந்து 11,96,250. ஏப்ரலில் ஓடியதால் 2022-23-ல் முழு 35 சதவீதம், 10,50,000. வித்தியாசம் 1,46,250. வரியில் 45,630 ரூபாய். அதுவும் போய்விடவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது. பிற்பாடு வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும். இந்த 45,630-ஐக் கொஞ்சம் முன்னால் பார்ப்பதற்குத்தான் நள்ளிரவுக் கிரேன், பொய்த் தேதி, அட்வான்ஸ் டாக்ஸ் வட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக 200 மில்லிமீட்டர் குறைந்த மெஷின். அந்த வருட நவம்பரில் 720 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு பிராக்கெட் வந்தது, மாதம் 400 எண்ணிக்கை. திருப்பி அனுப்பினேன். பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் இன்றும் அதை ஓட்டுகிறார். பார்க்கும்போதெல்லாம் நலம் விசாரிக்கிறார்.

'தள்ளிப்போகிறது' என்று எழுதினேன். இந்தக் கூடுதல் தேய்மானம் என்பதே முழுக்க முழுக்கத் தள்ளிப்போடுவதுதான், தள்ளுபடி கிடையாது. இதை எனக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை. என் மெஷினின் எண்ணையே வைத்துப் பாருங்கள். முதல் வருடம் கூடுதலாகக் கழித்தது 6,00,000. அதனால் மீதி மதிப்பும் ஆறு லட்சம் குறைந்துவிட்டது. அடுத்த வருடம் அந்த ஆறு லட்சத்தின் 15 சதவீதம், 90,000 ரூபாய், எனக்குக் கிடைக்க வேண்டிய தேய்மானத்தில் குறைகிறது. அதற்கடுத்து 76,500. அதற்கடுத்து 65,025. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் சரியாக ஆறு லட்சத்தை நோக்கிப் போகும். முதல் வருடம் 1,87,200 ரூபாய் வரியைக் கட்டாமல் விட்டேன். இரண்டாம் வருடம் 28,080, மூன்றாம் வருடம் 23,868 என்று திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அரசாங்கம் கொடுத்த வட்டியில்லாக் கைமாற்று. வட்டியில்லாக் கைமாற்று நல்லதுதான், யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கைமாற்று என்று தெரிந்து வாங்க வேண்டும். நான் மிச்சம் என்று நினைத்து மகளின் கல்லூரிக் கட்டணத்தில் போட்டுவிட்டேன்.

தவணையோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் புரியும். வருடத்துக்கு நான் வங்கிக்குக் கட்டியது 6,19,000. அதில் வட்டி மட்டும்தான் செலவு, அசல் செலவில் வராது. அசலுக்குப் பதிலாகத்தான் தேய்மானம். முதல் வருடம் தேய்மானம் 10,50,000, வட்டி 2,34,000, ஆக ஏறக்குறைய 12.84 லட்சம் கழிந்தது. கையிலிருந்து போனது 6.19 லட்சம்தான். ராஜா மாதிரி இருந்தேன். இரண்டாம் வருடம் தேய்மானம் 2,92,500, வட்டி 1,91,000, மொத்தம் 4.84 லட்சம். கையிலிருந்து போவது அதே 6.19. நாலாம் வருடம் இரண்டும் சேர்ந்தே மூன்று லட்சம் சொச்சம்தான். தவணையோ அதே 6.19. கணக்குப் புத்தகத்தில் லாபம் தெரியும், அதற்கு வரியும் உண்டு, ஆனால் பணம் வங்கிக்குப் போயிருக்கும். "லாபம் வந்திருக்குன்னு சொல்றீங்க, பணம் எங்க?" என்று என் மனைவி கேட்டபோது இந்தப் பட்டியலைத்தான் காட்டினேன். அவள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "முதல் வருஷமே எல்லாத்தையும் சாப்பிட்டுட்டீங்க" என்றாள். ஆடிட்டருக்கு வருடம் கட்டணம் கொடுக்கிறேன், இவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

2023-24-ல் பட்டறை லாபம் ஏறக்குறைய அதே. ஆனால் கழிவுகள் அதிகம் உள்ள பழைய வரி முறையிலேயே இருந்திருந்தால், தேய்மானமும் வட்டியும் குறைந்துபோனதில் வரி இரண்டரை லட்சம் ஏறியிருக்கும். கழிவுகளைக் குறைத்து விகிதத்தையும் குறைத்த புதிய வரி முறை அந்த ஆண்டிலிருந்துதான், நாமாகப் பழையதைக் கேட்காவிட்டால் தானாக வரும் முறையாக மாறியிருந்தது. அதில் நின்றதால் எழுபதாயிரம் போலத் தணிந்தது.

வங்கியிலும் ஒரு கூத்து. எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்கள் கணக்குப் புத்தகத்திலும் வருமான வரி விகிதத்தையே போட்டுவிடுவோம், கம்பெனிகள் போல இரண்டு தேய்மானம் வைத்துக்கொள்வதில்லை. அதனால் மெஷின் போட்ட வருடம் லாபம் பாதியாகத் தெரிந்தது. ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) புதுப்பிக்கப் போனால் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன சார், தொழில் டல்லா?" என்றார். தேய்மானத்தைத் திரும்பக் கூட்டிக் காட்டி அவருக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. அவர் அதற்குள் புரிந்துகொண்டது பெரிய விஷயம், நான் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆகியிருந்தது.

இடையில் சில சில்லறை அடிகள். மெஷினுக்கு அஸ்திவாரம் போட்ட மேஸ்திரிக்கு ஒரே நாளில் ரொக்கமாக 38,000 கொடுத்தேன். கிரேன்காரருக்கு 14,000. அஸ்திவாரமும் இறக்குகூலியும் மெஷினின் அடக்க விலையில் சேர வேண்டியவை. ஆனால் சொத்து வாங்கும் செலவில் ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை அடக்க விலையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், 2017 பட்ஜெட்டிலிருந்து இப்படி. 52,000 ரூபாய் காற்றில் போனது. யு.பி.ஐ. அனுப்பியிருந்தால் ஆகியிருக்கும். மழையில், இருட்டில், கிரேன்காரர் கையை நீட்டும்போது இதெல்லாம் தோன்றுவதில்லை.

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெஷினைவிட இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். மார்ச் கடைசியில் 15 லட்ச ரூபாய்க்கு ஒரு கார். கார் சாதாரணமாக 15 சதவீதம், பாதி வருடக் கணக்கில் 7.5. அதாவது 1,12,500 கழிக்கலாம். முப்பது சதவீத ஸ்லாப் ஆளுக்கு அந்த வருட வரியில் மிச்சம் 35,100. காரின் ஜி.எஸ்.டி.க்குக் கிரெடிட்டும் கிடையாது. 35,100-க்காக 15 லட்சம் செலவழித்துவிட்டு 'டாக்ஸ் மிச்சம்' என்று தர்ஷினியில் இனிப்புக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். மைசூர்பாக் நன்றாகவே இருந்தது. 2019 ஆகஸ்ட் 23 முதல் 2020 மார்ச் 31 வரை வாங்கிய கார்களுக்கு மட்டும் 30 சதவீதம் கொடுத்தார்கள், கார் விற்பனை படுத்துக் கிடந்த நேரம். அதை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் சிலர் பேசுகிறார்கள்.

இன்னொரு கூட்டம் யூடியூப் பார்த்துவிட்டு வரும். "முழு விலையையும் முதல் வருஷமே கழிச்சுக்கலாமாமே!" அது அமெரிக்கக் கதை. அங்கே 2017 சட்டத்தில் நூறு சதவீதம் முதல் வருடமே கழிக்க விட்டார்கள், 2023-ல் 80 ஆக, 2024-ல் 60 ஆக இறக்கினார்கள், 2025 ஜூலையில் வந்த சட்டத்தில் மறுபடி நூறு ஆக்கிவிட்டார்கள். அங்கிருக்கும் சித்தப்பா மகன் இதைச் சொல்லும்போது எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் பீன்யா மெஷினுக்கு டல்லாஸ் சட்டம் பொருந்தாது.

நம் ஊரில் இந்த வேகத் தேய்மானம் என்ன செய்யும் என்று பார்க்க நாகர்கோவில் பக்கம் போக வேண்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போகும்போது மலையடிவாரம் முழுக்கக் காற்றாலை நிற்கிறதே, காற்று மட்டும் அதற்குக் காரணமல்ல. ஒரு காலத்தில் காற்றாலைக்கு முதல் வருடமே நூறு சதவீதத் தேய்மானம், பிறகு 80. நல்ல லாபம் பார்த்த மில் முதலாளிகள் வரியைத் தள்ளிப்போட வரிசையில் நின்று காற்றாலை வாங்கினார்கள். 2012 ஏப்ரலில் 80-ஐ எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் நாட்டில் புதிதாக நட்ட காற்றாலைத் திறன் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017 ஏப்ரலிலிருந்து உச்ச விகிதமே 40 என்று ஆக்கியதில் அதுவும் 40-க்கு இறங்கியது. கம்ப்யூட்டரும் அப்போதுதான் 60-லிருந்து 40-க்கு வந்தது. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. காற்றாலையை நட்டதற்குத் தேய்மானம் கிடைத்தது, அது எவ்வளவு சுற்றியது என்று தேய்மானக் கணக்கு கேட்கவில்லை. என் 600 மில்லிமீட்டர் மெஷினும் அந்த ஜாதிதான். நட்டது சரி, வேண்டிய ஜாபுக்குச் சுற்றவில்லை.

இப்போது அந்தத் தம்பியின் கேள்வி. 2026 மார்ச்சில் வாங்கலாமா?

என் நிலைமையையே அவனுக்குப் போட்டுக் காட்டினேன். எனக்கு இப்போது 36 லட்ச ரூபாயில் அந்த 800 மில்லிமீட்டர் மெஷின் வேண்டும். கூடுதல் தேய்மானம் புதிய வரி முறையில் கிடையாது, அது வேண்டுமென்றால் பழைய முறைக்குப் போக வேண்டும். சாதா தேய்மானம் எல்லாம் கழித்தபின் வருமானம் 25 லட்சம் என்று வையுங்கள். புதிய முறையில் 2025-26 விகிதப்படி வரி, செஸ் சேர்த்து 3,43,200. பழைய முறைக்குப் போய், மார்ச்சில் மெஷின் இறக்கி, பாதிக் கூடுதலான 3.6 லட்சமும், எல்.ஐ.சி., பி.பி.எஃப். வகையில் ஒன்றரை லட்சமும் கழித்தால் 4,25,880. எண்பத்திரண்டாயிரம் அதிகம்! வரியை மிச்சம் பிடிக்க மெஷின் வாங்கி, அதனாலேயே கூட வரி கட்டுகிற கதை. தம்பி கால்குலேட்டரை என் கையிலிருந்து வாங்கி மறுபடி போட்டான். அதே விடை.

சரி, ஏப்ரலிலேயே இறக்கி முழு 20 சதவீதம், 7.2 லட்சம் கழித்தால்? இதே விகிதங்களில் பழைய முறை வரி 3,13,560. இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம் லாபம். ஆனால் அடுத்த வருடம் அந்த 7.2 லட்சத்தின் 15 சதவீதம், 1,08,000 தேய்மானத்தில் குறையும். 25 லட்சத்துக்கு மேலே அது உட்காருவதால் கூடும் வரி 33,696. போன வருடம் வந்தது ஒரே வருடத்தில் போய், கைக்காசும் நாலாயிரம் போகும். அதற்குப் பிறகும் வருடா வருடம் கொஞ்சம். இதில் தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய முறைக்குப் போய்விட்டால் புதிய முறைக்கு ஒரே ஒரு முறைதான் திரும்ப வரலாம். அந்த ஒரு சீட்டை இதற்கா கிழிப்பது?

வருமானம் வேறு, மெஷின் விலை வேறு என்றால் விடையும் வேறு, அதனால் என் எண்ணை உங்கள் எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடுதல் தேய்மானத்தை விட்டுக் கொடுத்து 22 சதவீத வரியில் இருக்கும் கம்பெனிகளுக்கு இந்தக் கேள்வியே எழாது. 2026 ஏப்ரல் 1 முதல் 1961 வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025 சட்டம், பிரிவு எண்கள் எல்லாம் வேறு, ஆடிட்டர்கள் பாடு திண்டாட்டம். ப்ளாக் கணக்கு அப்படியே தொடர்கிறது.

தம்பி காபி டம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்போ வாங்க வேண்டாமாண்ணா?" ஆர்டர் கையில் இருக்கா என்றேன். இருக்கு என்றான். எத்தனை மில்லிமீட்டர் வேணும்? ஆயிரம் வேணும், டீலர் கிட்ட எண்ணூறுதான் ஸ்டாக் இருக்காம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. 720 மில்லிமீட்டர் பிராக்கெட் கதையை அப்போதுதான் சொன்னேன்.

நேற்று எனக்கும் டீலர் போன் செய்தார். "சார், மார்ச் எண்டு ஆஃபர், 28-க்குள்ள இறக்கிடலாம்." மே மாதம் இறக்கினால் போதும், லோடு லெட்டர் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அஸ்திவாரத்தை மட்டும் இந்த வாரம் வந்து அளந்து கொடுங்கள் என்றேன். ஒரு விநாடி லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். "டாக்ஸ் பெனிஃபிட் போயிடுமே சார்?" என்றார். போகட்டும், மேஸ்திரிக்கு இந்தத் தடவை யு.பி.ஐ.யில் அனுப்பப் போகிறேன் என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.